அல்கான்குவினில் இலையுதிர்காலம்: சிவப்பு வழியாமல் எடுப்பதும் எடிட் செய்வதும்

டொராண்டோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் அல்கான்குவின் பூங்காவுக்கு இலை பார்க்கக் கிளம்புவது பெரும்பாலும் தேங்க்ஸ்கிவிங் நீண்ட வாரயிறுதியில், அதாவது அக்டோபர் மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமையை ஒட்டி. எல்லோருக்கும் விடுமுறை, அதனால் அது தோதான நாள். கேமராவோடு போகிறவருக்கோ அது பல வருடங்களில் தாமதம். பூங்காவின் ஊடே போகும் நெடுஞ்சாலை 60-இன் மேற்குப் பாதியில் இருக்கும் சுகர் மேப்பிள் காடு செப்டம்பர் கடைசி வாரத்திலும் அக்டோபர் முதல் சில நாட்களிலும் உச்சத்தைத் தொட்டுவிடும். ஒரு மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் இரண்டே நாளில் கிளைகள் மொட்டையாகிவிடும். தேங்க்ஸ்கிவிங் அன்று மிஞ்சுவது பாப்ளரும் பிர்ச்சும் தரும் மஞ்சள். மஞ்சளை வைத்தும் அருமையான படம் எடுக்கலாம்; ஆனால் சிவப்பு மலைச்சரிவு வேண்டுமென்று போனால் ஏமாற்றம்தான்.

நிறம் மாறும் வரிசை வருடாவருடம் ஏறக்குறைய ஒன்றே. சதுப்போரத்து ரெட் மேப்பிள் முதலில் சிவக்கும். அடுத்து மேட்டுநிலத்து சுகர் மேப்பிள், ஆரஞ்சும் சிவப்புமாக. அக்டோபர் முதல் பாதியில் பாப்ளர், பிர்ச் மஞ்சள். கடைசியாக, மாதத்தின் நடுவிலிருந்து, டமராக் பொன்னிறமாகும். ஊசியிலை மரமாக இருந்தும் இலையுதிர்ப்பது அது ஒன்றுதான் இங்கே. இதில் ஒரு நுட்பம் உண்டு. மஞ்சள் நிறமி இலைக்குள் கோடை முழுக்க இருக்கிறது. பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது, அவ்வளவே. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் அப்படியில்லை. இலையில் தங்கும் சர்க்கரையிலிருந்து அந்த வாரங்களில்தான் புதிதாக உருவாகிறது. அதற்கு வெயிலடிக்கும் பகலும், உறைபனி இறங்காத குளிர்ந்த இரவும் வேண்டும். ஆக, மூட்டமும் வெதுவெதுப்புமாகப் போகிற செப்டம்பரில் சிவப்பு மங்கும். மஞ்சள் ஏறக்குறைய எப்போதும் போலவே வரும். வானிலை அப்படி இருந்தால் திட்டத்தை அக்டோபர் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளி, பாப்ளரை நம்பிப் போவது புத்திசாலித்தனம். பூங்காவே தன் இணையதளத்தில் இலை நிற நிலவரத்தை வெளியிடுகிறது; சமூக ஊடகத்தில் சுற்றும் படங்களை விட அதை நம்பலாம், ஏனென்றால் அந்தப் படங்களில் பாதி போன வருடத்தவை.

பகல்நேர வாகன அனுமதியை ஐந்து நாள் முன்னதாகவே இணையத்தில் எடுத்துவிடுங்கள். உச்ச வாரயிறுதிகளில் அது தீர்ந்துபோகும். வாசலில் திருப்பி அனுப்புவார்கள். டொராண்டோவிலிருந்து மேற்கு வாசலுக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது என்பதால் அந்தத் திரும்பல் வலிக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை ஒதுக்கிவிட்டுப் படமெடுக்கக் கூடாது, ட்ரோனும் கூடாது. முடிந்தால் செவ்வாய் அல்லது புதன்கிழமை போங்கள்.

பூங்காவுக்குள் சாலை மேற்கு வாசலிலிருந்து கிழக்கு வாசல் வரை 56 கிலோமீட்டர். இடங்களையெல்லாம் கிலோமீட்டர் எண்ணை வைத்தே சொல்வார்கள். மேப்பிள் வேண்டுமென்றால் மேற்குப் பாதி: 14-ஐ ஒட்டிய ஹார்ட்வுட் லுக்அவுட், 25-இல் ட்ராக் அண்ட் டவர். 40-ஐ ஒட்டிய லுக்அவுட் ட்ரெயில் சுமார் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் செங்குத்து. மேலே பாறை விளிம்பிலிருந்து பெரும் காட்டுப் பரப்பு தெரியும், கூட்டமும் அங்கேதான். 46-இல் பிரியும் ஒபியாங்கோ சாலை சதுப்பும் ஓடையுமானது. விடியற்காலை மூடுபனிக்கு அதை விடக் கைக்கெட்டும் இடம் சாலையோரத்தில் இல்லை. அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கும். மேகமில்லாத, காற்றில்லாத இரவு அமைந்தால் ஆறரைக்கே அங்கே நின்றுவிட வேண்டும், வெயில் ஏற ஏறப் பனி கரைந்துவிடும்.

எந்த வெளிச்சத்தில் எதை எடுப்பது

இலையுதிர்காலப் படம் சப்பென்று போவதற்கு முக்கியக் காரணம், சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும் ஒரே கலவையாக ஒட்டிக்கொள்வது. களத்திலும் எடிட்டிலும் செய்கிற வேலை முழுக்க அவற்றைப் பிரித்து நிறுத்துவதற்குத்தான். அதனால்தான் சுற்றிலும் மேப்பிள் மட்டுமே இருக்கும் சரிவை விட, நடுநடுவே கரும்பச்சை ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் வெள்ளைத் தண்டு பிர்ச்சும் கலந்த சரிவு படத்தில் நன்றாக வரும். கண்ணுக்கு முதலாவதுதான் பிரமாதமாகத் தெரியும். கேமராவுக்கு இரண்டாவது.

மூட்டமான நாளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். மழை விட்ட அரை மணி நேரத்தில் இலையின் நிறம் ஆழமாகத் தெரியும், மரப்பட்டை கறுத்துப்போய் நிறத்துக்குப் பின்னணியாக நிற்கும். காட்டுக்குள் எடுக்க அதுவே சரியான வெளிச்சம். ஒரே நிபந்தனை, வானத்தைச் சட்டகத்துக்குள் விடக் கூடாது. மூட்ட வானம் வெள்ளைத் துணி மாதிரி மேலே தொங்கிக் கண்ணைப் பிடுங்கும்.

வெயில் நாளில் இரண்டு வழி. ஒன்று, எதிர்வெளிச்சம். சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்போது நாம் பார்ப்பது இலையை ஊடுருவி வரும் ஒளி. மேற்பரப்பின் பளபளப்பு அதில் இல்லாததால் நிறம் சுத்தமாக இருக்கும். லென்ஸின் மேல் நேர் வெயில் விழாமல் தொப்பியாலோ கையாலோ மறைத்துக்கொண்டால் போதும். மற்றது, தொலைவுச் சரிவில் பக்கவெளிச்சம். இங்கே அக்டோபர் தொடக்கத்தில் நடுப்பகலிலும் சூரியன் 41 அல்லது 42 பாகைக்கு மேல் ஏறுவதில்லை, அதனால் கோடை நடுப்பகல் போலத் தட்டையாக அடிக்காது.

மூன்றாவதாக ஒன்று உண்டு, ஆனால் அது நம் கையில் இல்லை: மேகத் துண்டுகள் ஓடும் நாள். மேக நிழல் சரிவின் மேல் நகரும்போது, ஒரு நிமிடத்துக்கு ஒரே ஒரு சிவப்பு மரக்கூட்டம் மட்டும் வெயிலில் எரியும், சுற்றியுள்ளவை நிழலில் அடங்கிப்போகும். லுக்அவுட் பாறையில் டிரைபாடைப் போட்டுச் சட்டகத்தை முடிவு செய்து, எக்ஸ்போஷரை மேனுவலில் வெயில் பட்ட பகுதிக்கு வைத்துவிட்டுக் காத்திருங்கள். ஆட்டோவில் விட்டால் நிழல் கூடும்போது கேமரா பிரகாசத்தை ஏற்றிவிடும், வெயில் துண்டு வெளுத்துவிடும். நிழல் இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) கீழே போனாலும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் தேவையான அளவு மீளும். உண்மையில் அதை மீட்காமல் விட்டாலே படம் நன்றாக இருக்கும்.

லென்ஸைப் பொறுத்தவரை, பலர் அகலக் கோணத்தை மாட்டிக்கொண்டு மேலேறுகிறார்கள். லுக்அவுட்டிலிருந்து 16 மில்லிமீட்டரில் எடுத்தால் மலை கோடாகச் சுருங்கி, கீழே பாறையும் மேலே வானமும்தான் மிஞ்சும். 70-200 டெலிஃபோட்டோ ஜூமை எடுத்துப் போங்கள். 100 முதல் 200 வரை வைத்துச் சரிவைத் துண்டு துண்டாகப் பார்த்தால் படங்கள் தாமாக அமையும். ஃபோகஸ் ஆழம் மட்டும் கவனம்: முழுச்சட்டகக் கேமராவில் 200 மில்லிமீட்டர், எஃப் 8 என்றால் ஹைப்பர்ஃபோகல் தூரம், அதாவது ஃபோகஸ் வைத்தால் அதன் பாதியிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும் தூரம், சுமார் 167 மீட்டர். அங்கே ஃபோகஸ் வைத்தாலும் 83 மீட்டருக்கு இப்பால் இருக்கும் கிளை மசங்கும். முன்னால் ஒரு கிளையைச் சேர்க்க ஆசைப்பட்டால் ஒன்று அதை முற்றிலும் மசங்க விடுங்கள், இல்லை விட்டுவிடுங்கள். அரைகுறை மசங்கல்தான் தவறு போலத் தெரியும். காட்டுக்குள் 24 மில்லிமீட்டர், எஃப் 11-இல் அந்தத் தூரம் 1.8 மீட்டர்தான். கணக்குப்படி 90 சென்டிமீட்டரிலிருந்து எல்லாம் தெளிவு. ஆனால் அந்தக் கணக்கு பழைய சிறு பிரிண்ட் அளவுக்குப் போட்டது. 40 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட கேமராவில் ஃபோகஸை மூன்று மீட்டருக்குத் தள்ளி வைப்பது நல்லது. எஃப் 16-ஐத் தாண்டினால், சின்னத் துளையில் ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷன் வந்து இலை நரம்பெல்லாம் மழுங்கும்.

காற்று பெரிய எதிரி. பாப்ளர் இலையின் காம்பு தட்டையானது, மூச்சுக் காற்றுக்கே படபடக்கும். இளங்காற்றில் ஷட்டர் வேகம் 1/125 நொடி, கிளை அசையும் காற்றில் 1/250 அல்லது அதற்கு மேல். அதற்காக ஐஎஸ்ஓ 800 போனாலும் தயங்க வேண்டாம். நாய்ஸை எடிட்டில் துடைக்கலாம், அசைந்து இழுபட்ட இலையைச் சரிசெய்ய வழியே இல்லை. வெவ்வேறு பிரகாசத்தில் மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒரே படமாக ஹெச்டிஆர் சேர்ப்பதும் இந்தக் காரணத்தால்தான் இங்கே சொதப்பும்: மூன்று படத்திலும் இலை மூன்று இடத்தில் இருக்கும், சேர்த்தால் விளிம்பெல்லாம் புழுப்புழுவாக வரும். இன்றைய சென்சாருக்கு ஒரே எக்ஸ்போஷர் பெரும்பாலும் போதும்.

அருவியும் ஓடையும் வேண்டுமென்றால் மேற்கு வாசலுக்கு வெளியே ஆக்ஸ்டங் ஆற்றின் ராகெட் ஃபால்ஸ் இருக்கிறது. நீருக்கு 1/4 முதல் 1/2 நொடி போதும். அதற்கு மேல் போனால் நீர் பஞ்சாகிவிடும். இலைக்கு அந்த வேகம் ஆகாது என்பதால், டிரைபாடை அசைக்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றி 1/125-இல் இன்னொரு படம் எடுத்துக்கொண்டு, எடிட்டில் இலைப் பகுதியை மட்டும் அதிலிருந்து எடுங்கள். தேங்கிய சுழலில் இலைகள் மிதந்தால் ஒளியைக் குறைக்கும் ஆறு ஸ்டாப் என்டி ஃபில்டரோடு 15 நொடி வைத்துப் பார்க்கலாம், வட்டவட்டமாகக் கோடு விழும். வருமா வராதா என்பது இலையின் இஷ்டம்.

போலரைசர்

இந்தக் காலத்துக்கு ஒரே ஒரு ஃபில்டர் வாங்குவதென்றால் சர்க்குலர் போலரைசர்தான். மற்ற ஃபில்டர்களின் வேலையை எடிட்டில் ஓரளவு செய்துவிடலாம், இதன் வேலையைச் செய்ய முடியாது. இலையின் மேல் மெழுகுப் படலம் இருக்கிறது. அதில் வானம் பிரதிபலித்து, ஒவ்வொரு இலையின் மேலும் வெள்ளை அல்லது நீலப் பூச்சு ஒன்று படிகிறது. போலரைசர் அந்தப் பூச்சை உரித்தெடுக்கிறது. வெயில் நாளை விட மழைக்குப் பிந்தைய மூட்டத்தில்தான் இதன் பலன் அதிகம் தெரியும், ஆனால் மூட்டம் என்றதும் பலர் கழற்றிப் பையில் வைத்துவிடுகிறார்கள்.

கண்ணை வ்யூஃபைண்டரில் வைத்து மெல்லத் திருப்புங்கள். நனைந்த இலைக்கூட்டம் சட்டென்று கறுத்து நிறம் ஏறும் இடம் தெரியும். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும் என்பதை ஷட்டர் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து செங்குத்தாகத் திருப்பினால் ஃபில்டரையும் மறுபடி திருப்ப வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பது. நீல வானம் வரும் அகலக் கோணப் படத்தில், குறிப்பாக 24 மில்லிமீட்டருக்குக் கீழே, முழுதாகத் திருப்பாதீர்கள். சூரியனுக்குச் செங்கோணமாக இருக்கும் பட்டையில் மட்டும் வானம் அடர்நீலமாகி, இரு பக்கமும் வெளுத்து நிற்கும். எடிட்டில் அதைச் சரிசெய்வது தலைவலி.

நீர்ப்பரப்பில் யோசித்துப் பயன்படுத்த வேண்டும். எதிர்க்கரைக் காட்டில் வெயில் விழுந்து, நாம் நிற்கும் ஓடை நிழலில் இருந்தால், நீர் முழுக்க ஆரஞ்சாக மின்னும். போலரைசரை முழுதாகத் திருப்பினால் அந்த ஆரஞ்சே காணாமல் போய் ஓடையின் அடிச்சேறு தெரியும். பாறையின் பளபளப்பு போகிற, நீரின் நிறம் தங்குகிற இடைநிலை ஒன்று இருக்கும். அதைத் தேடி நிறுத்துங்கள்.

சிவப்பு சேனல்

கேமரா நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலாகப் பதிகிறது. வெயில் பட்ட மேப்பிள் இலையில் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழியும், பச்சையும் நீலமும் கீழேயே கிடக்கும். கேமரா வழக்கமாகக் காட்டும் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் (பிரகாசப் பரவலைக் காட்டும் வரைபடம்) பச்சைக்குத்தான் அதிக எடை கொடுக்கிறது, அதனால் எல்லாம் நலமே என்று சொல்லும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இலையில் நரம்பும் இல்லை, மடிப்பும் இல்லை, சிவப்புப் பெயின்ட் கொட்டிய மாதிரி இருக்கும். மெனுவில் மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை இயக்கி, சிவப்பு வலது சுவரில் முட்டினால் எக்ஸ்போஷரை 1/3 முதல் 1 ஸ்டாப் வரை குறையுங்கள்.

இதிலும் ஒரு திருத்தம் உண்டு. அந்த ஹிஸ்டோகிராம் ரா ஃபைலுடையது இல்லை. கேமரா உள்ளே தயாரிக்கும் ஜேபெக்குடையது, வைட் பேலன்ஸும் (வெளிச்சத்தின் நிறத்தை ஈடுகட்டும் அமைப்பு) பிக்சர் ஸ்டைலும் ஏற்றிய பிறகு வருவது. விவிட் அல்லது லேண்ட்ஸ்கேப் ஸ்டைல் வைத்திருந்தால் சிவப்பு உண்மையில் நிரம்புவதற்கு முன்பே நிரம்பியதாகக் காட்டும். ஸ்டைலை நியூட்ரலில் வையுங்கள். அப்போது சிவப்பு லேசாக முட்டினாலும் ராவில் பெரும்பாலும் மீளும். பச்சை சேனலும் சேர்ந்து முட்டினால் கதை முடிந்தது.

வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். சட்டகம் முழுக்க ஆரஞ்சைப் பார்த்ததும் கேமரா அதை ஏதோ குண்டு பல்பு வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் கலக்கும், அதுவும் படத்துக்குப் படம் வேறு அளவில். வெயிலில் 5200 கெல்வின், மூட்டத்தில் 6000 என்று பூட்டிவிடுங்கள். ராவில் பிறகு மாற்றலாம்தான், ஆனால் களத்தில் நிலையான ஒரு தொடக்கப்புள்ளி இருந்தால் ஐந்து படத்தை ஒட்டிப் பனோரமா போடும்போதும், ஒரு காலையின் படங்களை ஒன்றாக எடிட் செய்யும்போதும் வேலை பாதியாகும்.

குளிர் பற்றி ஒரு வார்த்தை. விடியலில் வெப்பநிலை உறைநிலையைத் தொடலாம். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிர்ந்த கேமராவை அப்படியே ஹீட்டர் ஓடும் காருக்குள் கொண்டுபோனால் கண்ணாடியெல்லாம் வியர்க்கும். வெளியிலேயே பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டு ஏறுங்கள். ஒபியாங்கோ பனியில் நிற்கும்போது முன்கண்ணாடியில் ஈரம் படிந்துகொண்டே இருக்கும், துணி கையிலேயே இருக்கட்டும்.

எடிட்

முதலில் திரை. திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் நைட் ஷிஃப்ட், ட்ரூ டோன் போன்றவற்றை அணைக்காமல் ஆரஞ்சை எடை போடுவது வீண். திரைப் பிரகாசத்தை முழுசாக ஏற்றி வைத்தால் படத்தை இருட்டாக முடித்துவிடுவீர்கள்.

கீழே சொல்வது அடோபியின் எடிட்டிங் மென்பொருளான லைட்ரூமை வைத்து. எண்களெல்லாம் தொடக்கத்துக்குத்தான், பிறகு உங்கள் கண். ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம்: 150 மில்லிமீட்டரில் எடுத்த சரிவு, நடுவில் ஒரு சிவப்பு மேப்பிள், அதைச் சுற்றி ஸ்ப்ரூஸ், பின்னால் பாப்ளர் மஞ்சள், மெல்லிய மூட்ட வெளிச்சம்.

ப்ரொஃபைலை முதலில் தீர்மானியுங்கள். அடோபி லேண்ட்ஸ்கேப் ப்ரொஃபைல் தொடங்கும்போதே நிறத்தை ஏற்றிவிடும், அதன் மேல் எது செய்தாலும் மிகையாகும். அடோபி கலர் அல்லது அடோபி நியூட்ரல் போதும். வைட் பேலன்ஸுக்கு பிர்ச் தண்டையோ சாம்பல் பாறையையோ பாருங்கள். அது லேசான வெதுவெதுப்போடு வெள்ளையாக நின்றால் சரி. இலையைப் பார்த்துக்கொண்டே டெம்ப் ஸ்லைடரை ஏற்றினால் எங்கே நிறுத்துவது என்று தெரியவே தெரியாது. இப்படித்தான் ஸ்ப்ரூஸ் எல்லாம் பாசி நிறமாகி, பனிமூட்டம் பழுப்பாகிப் போகிறது.

அடுத்து, நிறச்செறிவை மாற்றும் சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தொடாமல் நகர்ந்துவிடுங்கள். வைப்ரன்ஸ் பாதுகாப்பானது என்பார்கள், ஆனால் அது ஏற்கெனவே செறிந்த நிறத்தையும் தோல் நிறத்தை ஒட்டிய ஆரஞ்சையும் கொஞ்சமாகவும், மங்கிய நிறங்களை அதிகமாகவும் ஏற்றும். இலையுதிர்காலப் படத்தில் மங்கலாக இருப்பவை நிழலின் நீலமும் ஊசியிலைப் பச்சையும்தான். ஆக, +30 வைப்ரன்ஸ் கொடுத்தால் மேப்பிளுக்கு உதவாது, நிழலெல்லாம் நீலமாகும். மங்கலை நீக்கும் டீஹேஸும் அப்படித்தான்: தொலைவு மலைக்கு +10 கொடுக்கலாம், +30 போனால் செறிவையும் சேர்த்து ஏற்றிவிடும். மூடுபனிப் படத்தில் அதைத் தொடவே வேண்டாம். பனியைத் தேடிப் போய் எடுத்துவிட்டு அதையே துடைப்பானேன்?

நிறப் பிரிவினைதான் முக்கியக் கட்டம். கலர் மிக்ஸரில் சிவப்பின் ஹ்யூவை (நிறச் சாயலை) வலப்பக்கம் +5 முதல் +10 நகர்த்தினால், கேமரா சிவப்பில் இருக்கும் மெஜந்தா சாயல் போய் மேப்பிள் சிவப்பு வரும். சிவப்பின் லூமினன்ஸை (பிரகாசத்தை) -10 குறைத்தால் நிறம் அடர்ந்து நிற்கும். சாச்சுரேஷனை ஏற்றிப் பெற நினைக்கும் ஆழம் பெரும்பாலும் இதிலேயே கிடைத்துவிடும். பச்சையின் சாச்சுரேஷன் -20 முதல் -30, ஹ்யூ +10, லூமினன்ஸ் -10. ஸ்ப்ரூஸ் அடங்கிக் குளிர்ந்ததும், சிவப்பைத் தொடாமலேயே அது முன்னால் வந்துவிடும்.

மஞ்சளில்தான் மாட்டிக்கொள்வார்கள். நம் கண்ணுக்குப் பச்சையாகத் தெரியும் செடிகொடியில் பெரும்பங்கு லைட்ரூமின் கணக்கில் மஞ்சள். பாப்ளரைப் பொன்னிறமாக்க மஞ்சளின் ஹ்யூவை இடப்பக்கம் -20 இழுத்தால், ஸ்ப்ரூஸும் புல்லும் சேர்ந்து பழுத்து, காடே பட்டுப்போன மாதிரி ஆகும். கோடைக் காட்டை இலையுதிர்காலமாக மாற்றிக் காட்டும் பிரீசெட்டுகள் இப்படித்தான் வேலை செய்கின்றன, அவற்றைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். இதற்கு 2023-இல் வந்த பாயின்ட் கலர் கருவி நல்ல மாற்று. பாப்ளர் இலையில் சொட்டுக்குழாயைத் தட்டி, ரேஞ்சைச் சுருக்கி, விஷுவலைஸ் ரேஞ்சை இயக்கிப் பாருங்கள். ஸ்ப்ரூஸ் சாம்பலாகி பாப்ளர் மட்டும் நிறத்தோடு நின்றால், இப்போது ஹ்யூவை ஆரஞ்சுப் பக்கம் மெல்ல நகர்த்தலாம். ஆனால் பாப்ளர் மஞ்சளாகவே இருப்பதுதான் என் ருசிக்கு நல்லது. அதையும் ஆரஞ்சாக்கினால் பிரித்து நிறுத்திய நிறங்கள் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

பணம் கட்ட மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் கலர் ஈக்வலைசர் மாட்யூல் இதே வேலையைச் செய்யும். கலர் பேலன்ஸ் ஆர்ஜிபியில் க்ரோமாவை விட சாச்சுரேஷனைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். வெளிச்சத்தையும் சேர்த்து மாற்றுவதால் நிறம் நியானாகாமல் அடர்த்தியாகும்.

படத்தின் ஒரு பகுதியை மட்டும் மாற்ற உதவும் மாஸ்க்குகள் இரண்டு போதும். மேப்பிளின் மேல் ரேடியல் மாஸ்க் ஒன்று, எக்ஸ்போஷர் +0.3, விளிம்பு நன்கு மென்மையாக. மற்றப் பகுதிக்கு -0.3. க்ளாரிட்டியை முழுப்படத்துக்கும் ஏற்றாதீர்கள். ஆயிரக்கணக்கான இலைகளின் ஒவ்வொரு விளிம்பிலும் கறுப்பு வெள்ளைக் கோடு ஏறி, படம் பார்க்கவே அரிக்கும். தொலைவுக் காட்டுக்கு டெக்ஸ்சர் -10 கொடுத்தால் அமைதி வரும். ஷார்ப்பனிங்கில் அமவுன்ட் 40, ரேடியஸ் 0.8, மாஸ்க்கிங் 30-க்கு மேல்.

இப்போது பத்து நிமிடம் திரையை விட்டு எழுந்து போங்கள். ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிப்போய், போதவில்லை போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவோம். திரும்பி வந்ததும் முதல் நொடியில் மிகையாகப் பட்டால் மிகைதான்.

வெளியே அனுப்பும்போது

லைட்ரூமின் உள் நிறவெளி, அதாவது அதில் அடங்கும் நிறங்களின் எல்லை, பெரியது. இணையத்துக்குப் போகும் எஸ்ஆர்ஜிபி சிறியது. இந்த மாற்றத்தில் அடிபடுவது செறிந்த சிவப்பும் ஆரஞ்சும்தான். ஆரஞ்சு இலையில் நீல சேனல் பூஜ்யத்தில் போய் இடது சுவரில் முட்டி நிற்கும், அந்தச் சேனலில் இருந்த நரம்பு விவரம் தொலைந்துவிடும். இது எக்ஸ்போஷர் கோளாறு இல்லை என்பதால் எக்ஸ்போஷரைக் குறைத்தால் தீராது. வெளியே போகும் படம் எப்படித் தெரியும் என்று முன்கூட்டியே காட்டும் சாஃப்ட் ப்ரூஃபிங்கை இயக்கி எஸ்ஆர்ஜிபியைத் தேர்ந்தெடுத்து, எல்லை மீறும் எச்சரிக்கையைப் போடுங்கள். சிவப்புத் திட்டுகள் தெரியும் இடத்தில் மட்டும் பாயின்ட் கலரிலோ மாஸ்க்கிலோ சாச்சுரேஷனை -10, -15 என்று இறக்குங்கள். நிறம் குறைந்ததாகத் தெரியாது, நரம்பு திரும்பி வரும்.

பிரிண்ட் போடுவதானால் அந்தக் கடையின் ப்ரொஃபைலை வாங்கி அதே சாஃப்ட் ப்ரூஃபைச் செய்யுங்கள். மேட் காகிதத்தில் சிவப்பு இன்னும் ஒரு படி அடங்கும். மூடுபனிப் படத்துக்கு அது அழகு, மேப்பிள் சரிவுக்கு லஸ்டர் காகிதம்தான். திரையில் பார்த்ததை விடப் பிரிண்ட் இருட்டாக வருகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் திரைப் பிரகாசம்தான் காரணம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பும்போது ஃபோட்டோவாக அனுப்பினால் சுருக்கத்தில் இலைகளெல்லாம் களியாகிவிடும். நுண்ணிய விவரம் நிறைந்த காட்டைப் போல ஜேபெக் சுருக்கம் தடுமாறும் காட்சி வேறு கிடையாது. நீளப் பக்கம் 2048 பிக்சல், தரம் 85, எஸ்ஆர்ஜிபி என்று எக்ஸ்போர்ட் செய்து, டாகுமென்ட்டாக இணைத்து அனுப்புங்கள்.